ப்ளூயிங்கா ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்ட மகனுக்கு

பாஸ்கருக்கு அப்பா எழுதுவது.

நலமா என்று கேட்கும் வரியை விட்டுவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன குறைச்சல். போன வாரம் போனில் நீ பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "அப்பா, துப்பாக்கி லைசென்ஸை என் பேருக்கு மாத்தறதுக்கு பேப்பர்லாம் ரெடி. நீங்க வந்து கையெழுத்து போட்டா போதும். மாறினதும் இன்னொண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ப்ளூயிங்ல வாங்கட்டுமா, இல்ல ஸ்டெயின்லெஸ்லயே போலாமா? இரும்பைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்." கேள்வி நல்ல கேள்விதான். ஆயுசு முழுக்க செம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும். தெரிந்துகொண்டே ஒன்றும் நடக்காத மாதிரி என்னிடம் யோசனை கேட்டாய் பார், அதுதான் வயிற்றெரிச்சல். உன் அக்கா வாணி பயந்துபோய் கோவளத்தில் இருக்கும் நம் பூர்வீகத் தோப்பில் தன் பங்கை உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். உன்னைக் கண்டு பயப்படவில்லை, என்னைக் கண்டு பயந்திருக்கிறாள். பெற்ற அப்பனே துப்பாக்கியைக் கொடுத்தனுப்பி மிரட்டினான் என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பை அவள் மனதிலிருந்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் "அப்பா, டென்ஷன் ஆவாதீங்க, பிபி ஏறிடும்" என்று நடுவில் புகுந்து என் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். அப்புறம் நான் மாத்திரை சாப்பிட்டேனா இல்லையா என்பதில் பேச்சு முடிந்துவிடும். இந்த வித்தையை எத்தனை தடவை பார்த்துவிட்டேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. இதை மூடி ஒட்டவும் போவதில்லை. உன் அம்மா படிக்கட்டும், அக்கா படிக்கட்டும், மேடவாக்கத்தில் உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். தன் புருஷன் இடுப்பில் எதைச் சொருகிக்கொண்டு எங்கே போய்வந்தான் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டியதுதான்.

பழைய ரிவால்வர் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. கோவளம் தோப்பை வளைத்துப்போட ஒரு கும்பல் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வேலி போட்டால் நாளைக்கு வேலி இருக்காது. கடையைப் பூட்டிவிட்டு நான் தனியாகத்தான் அந்தப் பக்கம் போய்வருவேன். உன் அம்மா "எதுனா பண்ணுங்க, எதுனா பண்ணுங்க" என்று என் உயிரை எடுத்தாள். மனு போட்டு, விசாரணைக்கு வீட்டுக்கே ஆள் வந்து, நாயாக அலைந்து லைசென்ஸ் வாங்கினேன். பாயிண்ட் முப்பத்திரண்டு அளவு ரிவால்வர், ப்ளூயிங் போட்டது. பார்க்கக் கறுப்பாக இருக்கும், வெயிலில் திருப்பினால் நீலம் தெரியும். அதை ஒரு மனுஷனுக்கு நேராக நான் காட்டியது கிடையாது. என்னிடம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், ஆனால் யாரும் பார்த்திருக்கக் கூடாது. நான் அதை வைத்திருந்த லட்சணம் அவ்வளவுதான். கறுப்பாக இருந்ததால் அதற்கு வசதியாகவும் இருந்தது. சட்டைக்குள் இருந்தால் ஒரு மினுக்கு வெளியே வராது. வேலி பிடுங்கிய கும்பல் தானாக வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு எண்ணெய் போடுவது வாணியின் வேலை. தோட்டாவையெல்லாம் எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டு வெறும் துப்பாக்கியை நான் பிடித்துக்கொள்வேன், அவள் என் பழைய பனியன் துணியால் துடைப்பாள். "அப்பா, உங்க கை வேர்வை பட்டுடுச்சு, மறுபடியும் துடைக்கணும்" என்று என்னையே அதட்டுவாள். நீ அந்தப் பக்கம் வந்தால் நான் துரத்திவிடுவேன், உனக்கு எடுத்தவுடன் குறிபார்க்கத்தான் தோன்றும். அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அவளுக்கு அது தையல் மெஷின் மாதிரி, எண்ணெய் கேட்கிற ஒரு சாமான். அப்படி என்னோடு உட்கார்ந்து துடைத்தவள்தான் இன்றைக்கு என்னைப் பார்த்தால் ஒரு அடி பின்னால் போகிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ப்ளூயிங் என்றால் பெயிண்ட் என்று கடைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள், நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாய். பெயிண்ட் இல்லை. சூடான ரசாயனத் தொட்டியில் முக்கி இரும்பின் மேல்தோலையே மாற்றுகிறார்கள். ஒரு வகையில் அதுவும் துருதான், நாமாகப் பிடிக்கவைத்த துரு. சிவப்புத் துரு வராமல் அது ஓரளவுக்குத் தடுக்கும். ஓரளவுக்குத்தான். மெல்லிய தோல் என்பதால் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், எண்ணெய் இருக்கும்வரை கவலையில்லை. உறையில் போட்டு எடுக்க எடுக்கக் குழாயின் வாய்ப்பக்கம் தேய்ந்து வெள்ளை தெரியும். தோல் உறையிலேயே விட்டுவைத்தால் தோலில் இருக்கிற ஈரம் அதைத் தின்றுவிடும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிபண்ண முடியாது, மொத்தத்தையும் கழற்றித் திரும்பத் தொட்டியில் போட வேண்டும். நம் ஊர் வேர்வைக்கும் கோவளத்து உப்புக்காற்றுக்கும் ப்ளூயிங் சொகுசுப் பிள்ளை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வாணி கல்யாணமாகிப் பெரும்பாக்கம் போன பிறகு நான் பார்த்துக்கொண்டேன். நாள் தவறினாலும் வாரம் தவறவில்லை.

அதைக் கெடுத்தது உப்புக்காற்று இல்லை, நம் வீட்டு ஆயுத பூஜை. கடையில் தராசு, கட்டிங் மெஷின், வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு உன் அம்மா ரிவால்வருக்கும் வைப்பாள். "ஆயுதத்துக்குத்தான் ஆயுத பூஜை, அத்த வுட்டுட்டு சுத்தியலுக்கு வெப்பாங்களா" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பொட்டு வைப்பது போல் லேசாகத் தொட்டு வைப்பாள், விஜயதசமி பூஜை முடிந்ததும் நான் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவேன். அந்த வருஷம் உனக்குக் குழந்தை பிறந்த சந்தோஷம். பன்னீர் விட்டு சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே செவ்வந்தியும் சாத்திவிட்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை ஆகாமல் தொடக் கூடாது. ஈரச் சந்தனம் அங்கேயே கிடந்தது. விஜயதசமி அன்று துடைத்தால், தோட்டா போடும் சிலிண்டர் மேல் மூன்று விரல் பட்டை அப்படியே பழுப்பாக நிற்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. உன் அம்மா பதறிப்போய் "சாமி குத்தமாயிடுச்சா" என்றாள். சாமி குத்தமில்லை, பன்னீர்தான் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினேன்.

அப்போதுதான் நீ ஸ்டெயின்லெஸ் என்று ஆரம்பித்தாய். "இன்னும் எத்தனை நாளைக்குப்பா எண்ணெய் போட்டுக்கினே இருப்பீங்க? முட்டி வலியோட உக்காந்து துடைக்கிறீங்க. ஸ்டெயின்லெஸ் வாங்கிட்டா கழுவி வெச்ச டம்ளர் மாதிரி இருக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடமே ஸ்டெயின்லெஸ் விற்கிறாயா என்றேன். துருப்பிடிக்காது என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, பிடிக்கும். தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கோவளத்தில் வீடு கட்டிய ஒருவர் நம் கடையில் வாங்கிய கதவுக் கீலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் கடையில்தான் இருந்தாய். "இன்னா நைனா, ஸ்டெயின்லெஸ்ஸுன்னு சொல்லித்தான குட்த்த, தோ பாரு, துரு புட்ச்சிகீது" என்றார். "கடல் காத்துல மனுசனே உப்பா பூட்றான், கீலு எம்மாத்திரம்? வாரத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணில தொடைக்கச் சொன்னேன், தொடச்சியா?" என்று கேட்டேன். அவர் துடைக்கவில்லை. துப்பாக்கியும் அப்படித்தான். ஸ்டெயின்லெஸ்ஸில் கீறல் விழுந்தால் தேய்த்து எடுத்துவிடலாம், அது நல்ல விஷயம். வேர்வையைத் தாங்கும், அதுவும் நல்ல விஷயம். ஆனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் தோட்டாவைத் தட்டும் ஊசியும் எல்லாம் ஸ்டெயின்லெஸ் என்று நினைத்துவிடக் கூடாது. இதையெல்லாம் விட எனக்குப் பிடிக்காதது அதன் பளபளப்பு. வெளியே எடுத்தால் அறையில் இருக்கிறவன் எல்லாம் பார்ப்பான் என்று உன்னிடமே சொன்னேன். நீ தலையாட்டிக்கொண்டாய். அந்தத் தலையாட்டலை நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன்.

துருவை எடுத்துப் புது ப்ளூயிங் போட முடியுமா என்று கேட்கத்தான் டவுனில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்கு நாம் இருவரும் போனோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "போடலாம் சார். ஆனா குழி விழுந்துடுச்சு, மேல ப்ளூயிங் போட்டாலும் குழி குழிதான். ப்ளூயிங்குன்னா கவனிக்கிற ஆள் வேணும். மறதிக்காரங்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான் லாயக்கு" என்றார். நான் மறதிக்காரன் இல்லை என்று எனக்குக் கோபம். அதிலேயே எழுந்து வந்திருப்பேன். நீதான் என் தோளைத் தொட்டு, "அப்பா, அம்மாவுக்காக யோசிங்க. அவங்க பாவம், தன்னாலதான் கெட்டுதுன்னு புலம்பினே இருக்காங்க. ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா எவ்வளவு சந்தனம் வேணும்னாலும் வெக்கட்டும், தொடச்சா போயிடும்" என்றாய். என் மனசு அங்கேதான் இளகியது. என் பிள்ளை அம்மாவின் வருத்தத்தைக் கூடக் கவனித்திருக்கிறானே என்று பூரித்துப்போனேன். அனுமதி வாங்கி, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தோம். நீ என் காதில் பூச்சுற்றியிருக்கிறாய் என்று தெரியாமல் அன்றைக்கு வழியில் வண்டியை நிறுத்தி உனக்கு டிபன் வேறு வாங்கிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக வாணிக்குத்தான் போன் பண்ணினேன். "பழச மாத்திட்டேம்மா. புதுசு, ஸ்டெயின்லெஸ். தம்பிதான் சொன்னான்" என்றேன். "இனிமே உங்களுக்கு எண்ணெய் வேலை இல்ல" என்று சிரித்தாள். அதற்கு முந்தின ஆடி மாதம்தான் அவள் தோப்பில் தன் பங்கைக் கேட்டிருந்தாள். உரிமையோடு கேட்டாள், மரியாதையாகவும் கேட்டாள். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். சர்வேயரை வரவழைத்து, அளந்து, இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று அவளுக்குள் ஓடியிருக்கிறது. அதை அவள் உன்னிடம்தான் கேட்டிருக்கிறாள். தம்பிதானே என்று கேட்டிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் நீ வந்து "சிலிண்டர் இறுக்கமா சுத்துதுப்பா, கடைல காட்டி சரிபண்ணிட்டு வரேன்" என்றாய். நானும் சுற்றிப் பார்த்தேன், கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. முட்டி வலியோடு டவுனுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. பழுதுபார்க்க எடுத்துப்போக அனுமதிக்கிறேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். தோட்டா பீரோவில்தான் இருந்தது, வெறும் துப்பாக்கியைத்தான் உன்னிடம் கொடுத்தேன். சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாய், நன்றாகச் சுற்றியது. அதே மாதத்தில் வாணி தோப்பில் தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றாய். "அக்காவே வேணாம்னுட்டாப்பா. மாமாவுக்கு வேலை நல்லா போவுது, தம்பி நீயே வெச்சுக்கோன்னா." நான் நம்பினேன். உன் அம்மாவிடம், "பாத்தியா என் பொண்ண" என்றேன். பாண்டி பஜார் போய் வாணிக்குப் பட்டுப்புடவை எடுத்தேன். போன் போட்டு, "உனக்குப் பெரிய மனசும்மா. அப்பாவுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் போலிருக்கிறது, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. மிரட்டி வாங்கிக்கொண்டு, அதற்குப் பரிசாகப் புடவையும் அனுப்புகிறான் இந்தக் கிழவன் என்றுதானே நினைத்திருப்பாள்.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வழக்கம்போல ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். நானும் கொடுத்துவிட்டு வந்து, சும்மா பேச்சுக்கு வாணியிடம் போனில் சொன்னேன். "துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துட்டேம்மா, எலெக்‌ஷன் முடியற வரைக்கும் அங்கதான்." அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்போ அது வரைக்கும் நிம்மதியா இருக்கலாம்" என்றாள். யார் நிம்மதியாக இருக்கலாம் என்று கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள். விடுகிற ஆளா நான். மறுநாள் காலையில் பெரும்பாக்கத்தில் அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

என்ன நடந்தது என்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் வந்து திருத்து. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நீ வந்தாய், இட்லி சாப்பிட்டாய், சட்னி நன்றாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கேட்டாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே "இடுப்புல குத்துதுக்கா" என்று ரிவால்வரை எடுத்துத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாய். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்து சுவரெல்லாம் மின்னியதாம். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை என்றாள். "இத ஏன்டா இங்க எடுத்துனு வந்த? அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "அப்பாதான் அனுப்பினாரு" என்றாய். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து தோப்பு விஷயத்தைப் பேசினாய். குரல் உயர்த்தவில்லை, மிரட்டவில்லை, அதன் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. "சாதாரணமாத்தான் பேசினான்பா, அதான் எதுவும் கேக்காம சரின்னுட்டேன்" என்றாள். அது வெறும் துப்பாக்கி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் போடும்போது தோட்டாவை எடுத்துப் பூட்டுவது நான், அன்றைக்கு நான் அங்கே இல்லையே.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. "பழச மாத்திட்டுப் புதுசு வாங்கினதே இதுக்குத்தான்னு நெனச்சேன்பா. அந்தக் கறுப்பு துப்பாக்கிய நானே எத்தனை தடவை துடைச்சிருக்கேன், அதைக் கொண்டாந்து வெச்சிருந்தா எனக்குப் பயமே வந்திருக்காது. அது உங்களுக்குத் தெரியும். அதனாலதான் எனக்குத் தெரியாத ஒண்ணா பார்த்து அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன்." கடைக்காரர் முன்னால் என் தோளைத் தொட்டு நீ அம்மாவின் சந்தனத்தைப் பற்றிப் பேசினாயே, அப்போதே உன் மனதில் இந்தச் சாப்பாட்டு மேஜை இருந்ததா? இருந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, இல்லை என்று நம்பவும் முடியவில்லை. பளபளப்பு எனக்குப் பிடிக்காது, எல்லாரும் பார்ப்பார்கள் என்று நான் சொன்னதுதான் உனக்கு அது வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகியிருக்கிறது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். என் கழுத்தை அறுத்திருந்தாலும் பரவாயில்லை, நான் பார்த்து வளர்த்த பிள்ளை என்று பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் மனதில் இருந்த அப்பனையல்லவா நீ அறுத்தாய்.

நான் சொன்னேன். அங்கேயே, அந்த மேஜையில் கைவைத்துச் சொன்னேன். "நான் அனுப்பலம்மா. சிலிண்டர் சரிபண்ணணும்னு வாங்கினு போனான். உன் குழந்தை மேல சத்தியமா எனக்குத் தெரியாது." அவள் கேட்டுக்கொண்டாள், "சரிப்பா" என்றாள். சின்ன வயதில் பொருட்காட்சிக்கு அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லும்போதும் அவள் இப்படித்தான் சரிப்பா என்பாள். நம்பவில்லை, சண்டை போட விரும்பவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அவளைக் குறை சொல்ல முடியுமா? துப்பாக்கி என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது, எடுத்துப்போகச் சொல்லி எழுதிய கையெழுத்து என்னுடையது. பத்திரம் ஆன பிறகு போன் பண்ணிப் பெரிய மனசு என்று பாராட்டியதும் நான்தான். கோர்ட்டில் கேட்டால்கூட நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடுவார்கள்.

போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்பா, அவனுக்குக் குழந்தை இருக்கு" என்றாள். நீ மேஜை மேல் துப்பாக்கி வைத்தபோது அவள் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் அவள் உன் குழந்தையைப் பார்க்கிறாள். இதைப் படிக்கும்போதாவது உனக்கு வெட்கம் வரட்டும்.

தேர்தல் முடிந்ததும் துப்பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போனேன். திரும்ப வேண்டாம், லைசென்ஸையும் ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். "ஏன் சார், இவ்ளோ நாள் வெச்சினு இருந்தீங்க, வயசாயிடுச்சா?" என்று அங்கிருந்தவர் கேட்டார். ஆமாம் சார், வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றேன். என் கை நடுங்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் சொன்ன பொய் அது. ஆக, உன் பேருக்கு மாற்ற லைசென்ஸும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ப்ளூயிங்கா ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டாய் அல்லவா, எண்ணெய் போடுகிற பொறுமை உனக்கு இல்லை, ஒளித்து வைக்கிற மனசும் இல்லை, அதனால் உனக்கு இரண்டும் வேண்டாம். இதுதான் என் பதில். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் அவன் நம்ம புள்ளதானே" என்றாள். வாணி யார் பிள்ளை என்று கேட்டேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன் என்று சொன்னால் வாணிக்குத் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் முந்தாநாள் மறுபடியும் பெரும்பாக்கம் போனேன். நம் வீட்டுக் கொல்லையில் வாழை பழுத்திருந்தது, ஒரு சீப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். வாணி கதவைத் திறந்தாள். வாங்கப்பா என்றாள், சிரித்தாள்கூட. நான் பையை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. "பையில இன்னாப்பா?" என்று கேட்டாள். வாழைப்பழம்மா என்றேன். அப்போதும் வாங்கவில்லை, பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாசலில் நின்றபடி பையின் வாயை விரித்து, உள்ளே கையை விட்டு, சீப்பை வெளியே எடுத்துக் காட்டினேன். பிறகுதான் அவள் வழிவிட்டாள். ஒன்றுமே நடக்காத மாதிரி "உக்காருங்கப்பா, காபி போடறேன்" என்றாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, தான் செய்ததே அவளுக்குத் தெரிந்ததா என்பதும் சந்தேகம். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். துப்பாக்கியை ஒப்படைத்த விஷயத்தைச் சொல்லவே இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

பத்திரத்தை நீ திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் வக்கீல் பார்த்துக்கொள்வார், அதற்கு நான் உன் காலைப் பிடிக்கப் போவதில்லை. உன்னிடம் கேட்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அக்கா வீட்டுக்கு வா. அதே மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "அப்பா அனுப்பல, நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல். நான் ஆயிரம் சத்தியம் செய்தாலும் போகாத பயம் நீ சொன்னால்தான் போகும். இதில் ஒரு பொய்கூடச் சொல்லாத எனக்கு, பொய் சொன்ன நீதான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிடக் கேவலம் ஒரு தகப்பனுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், வா.

இட்லி சாப்பிட உட்காராதே. கையில் எதையும் கொண்டுவராதே, குழந்தைக்கு பிஸ்கட்கூட வேண்டாம். நானும் வெறுங்கையோடுதான் வருவேன்.

அப்பா